ஸர் ஹென்ரி ஸீகிரேவ்: இரட்டை எஞ்சின்களை இணைத்தாண்ட வீரர்

முன்னுரை

ஒரே நுகத்தில் இரண்டு காளைகளைப் பூட்டி வண்டி செலுத்துவோன் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. காளைகள் இரண்டும் வலியனவாயிருத்தல் மட்டும் போதாது. ஒத்த நடையினவாயும் இருத்தல் வேண்டும். ஒன்று முந்த மற்றொன்று பிந்துமாயின் வண்டி வழிவிலகும். நுகம் கழுத்தைப் புண்படுத்தும். முந்தியதன் வலிமையிற் பெரும்பகுதி பிந்தியதை இழுப்பதிலேயே கழிந்துபோம். ஆதலின் நல்ல வண்டிக்காரன் விரைவை நாடுமுன் ஒப்பை நாடுவான்.

இவ்வுண்மை காளைகளோடு நின்றுவிடுவதன்று. விசை மிகுந்த மோட்டார்ப் படகுகளும் ஆகாய விமானங்களும் தோன்றிய காலத்தில், ஓர் எஞ்சினின் ஆற்றல் போதாதென்று கண்ட அறிஞர் இரண்டு எஞ்சின்களை ஒருங்கே அமைத்தனர். அமைத்த அன்றே அவர்களுக்கு ஒரு புதிய இடர் எதிர்ப்பட்டது. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடச் செய்வது எங்ஙனம் என்பதே அது. நிலத்திலும் நீரிலும் வானிலும் இரட்டை எஞ்சின்களைக் கையாண்டு, உலகின் விரைவெல்லைகளை விரித்து, முப்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்த ஸர் ஹென்ரி ஸீகிரேவ் என்பாரின் வரலாற்றை நம் கல்லூரி நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பெயரை அறிந்தாருட் பலர் அவர் அடைந்த வேகத்தையே நினைவிற் கொள்வர். அவ்வேகத்தின் பின்னே நின்ற ஒழுங்கையும், அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட விலையையும் சிந்திப்பார் சிலரே. அச்சிலருடன் நாமும் சிறிது பொழுது அமர்ந்து சிந்திப்போமாக.

பிறப்பும் இளமையும்

ஹென்ரி ஸீகிரேவ் 1896-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் 22-ஆம் நாள் அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து பால்ட்டிமோர் நகரிற் பிறந்தார். தந்தையார் அயர்லாந்து நாட்டினர். தாயார் அமெரிக்கப் பெண்மணி. இளம்பருவம் அயர்லாந்தில் கழிந்தது. பின்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியிலும், ஸான்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிலும் பயின்றார். 1914-ஆம் ஆண்டு முதல் உலகப் பெரும்போர் மூண்டபோது அவருக்கு வயது பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மில் பலர் கல்லூரி வகுப்பிற் புகும் அவ்வயதில் அவர் வார்விக்‌ஷயர் காலாட் படையில் அதிகாரியாகப் புகுந்தார்.

1915-இல் போர்க்களத்திற் புண்பட்டார். புண் ஆறியபின் காலாட் படையை விட்டு விமானப் படையிற் சேர்ந்தார். 1916-இல் அவர் ஏறிச் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட, மீண்டும் கடுங்காயமுற்று உயிர் தப்பினார். இருமுறை மரணத்தின் வாயில்வரை சென்று மீண்ட ஓர் இளைஞன் எஞ்சிய வாழ்நாளை அமைதியாகக் கழிக்க எண்ணுவது இயல்பு. ஸீகிரேவோ அங்ஙனம் எண்ணினாரல்லர். விமானத்தின் எஞ்சின் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. உலோகமும் நெருப்பும் கூடி மனிதனுக்கு அளிக்கும் ஆற்றலின் எல்லை யாதெனக் காணும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. 1917-இல் டோரிஸ் ஸ்டாக்கர் என்னும் நடிகையாரை மணந்தார்.

பந்தய வீரர்

போர் முடிந்தபின் ஸீகிரேவ் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மோட்டார் வண்டி செலுத்தத் தொடங்கினார். 1921-ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த 200 மைற் பந்தயத்தில் வென்றார். 1923-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்துத் தூர் நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஸன்பீம் வண்டியைச் செலுத்தி முதலிடம் பெற்றார். பிரிட்டிஷ் வண்டியில் பிரிட்டிஷ் வீரர் ஒருவர் அத்தகைய பெரும் பந்தயத்தில் வென்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஸான் ஸெபாஸ்டியனிலும் வாகை சூடினார்.

பலரோடு போட்டியிட்டு வெல்லும் பந்தயத்தினும், காலத்தோடு தனியே போட்டியிடும் சோதனையே அவரை மிகுதியும் ஈர்த்தது. 1926-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் ஸௌத்போர்ட்டுக்கருகே கடற்கரை மணலில் மணிக்கு 152.33 மைல் வேகத்தில் ஓடி உலகச் சாதனை நிறுவினார். ஆனால் ஒரு திங்கள் கழிந்ததும் பாரி தாமஸ் என்னும் வீரர் அதனைக் கடந்துவிட்டார். பின்னர் மால்கம் காம்ப்பெல் என்பார் 1927-ஆம் ஆண்டு பெப்ருவரியில் மணிக்கு 174.88 மைல் என்னும் அளவை எட்டினார். அடுத்த மார்ச்சு 3-ஆம் நாள் பாரி தாமஸ் தம் வண்டியிலேயே உயிர் துறந்தார். இச்செய்தி வெளிவந்து ஒரு திங்கள் நிறையுமுன், 200 மைல் எல்லையைத் தாண்டும் நோக்குடன் ஸீகிரேவ் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் நின்றார்.

முன்னோர் எஞ்சின், பின்னோர் எஞ்சின்

டேட்டோனாவுக்கு அவர் கொண்டுசென்ற வண்டியின் அமைப்பை இங்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே உயிர்நிலை. உல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஸன்பீம் தொழிற்சாலையில், லூயி கோட்டலென் என்னும் பொறியறிஞரின் மேற்பார்வையில் அவ்வண்டி உருவாயிற்று. 1000 குதிரைத் திறன் ஸன்பீம் என்று அதனை வழங்கினர். மெய்யாக அதன் ஆற்றல் 900-ஐ ஒட்டியதே. விமானத்திற்கென ஆக்கப்பட்ட மட்டபீலி என்னும் எஞ்சின்கள் இரண்டு அதனுள் இருந்தன. ஒவ்வொன்றும் 12 ஸிலிண்டர்களும் 22.4 லிட்டர் கொள்ளளவும் உடையது. ஒன்று ஓட்டுவோர்க்கு முன்னும் மற்றொன்று பின்னும் அமைய, இரண்டு தீப்பிழம்புகளுக்கிடையே ஸீகிரேவ் அமர்ந்திருந்தார் என்றே கூறலாம்.

இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து ஒரே இணைச் சக்கரங்களை உருட்ட வேண்டும். ஒன்று நிமிஷத்திற்கு ஆயிரம் சுற்றும் மற்றொன்று ஆயிரத்து இருநூறு சுற்றும் சுழலும் நிலையில் இரண்டையும் பற்களால் இணைக்க முயன்றால் என்னாகும்? பற்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும். அன்றி ஓர் எஞ்சினின் தண்டு முறுகி முறியும். ஆதலின் இணைப்பை இரு படிகளாக அமைத்தனர். முதற்கண் அழுத்தப்பட்ட காற்றினால் பின் எஞ்சினை மட்டும் ஓடத் தொடங்குவிப்பர். பின்பு அவ்வெஞ்சினின் சுழற்சியை உராய்வுக் கிளட்ச் ஒன்றின் வழியாக முன் எஞ்சினுக்குச் சிறிது சிறிதாக ஊட்டுவர். உராய்வுக் கிளட்ச் வழுக்கியும் பற்றியும் செல்வதாதலின் வேக வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். ஓடும் எஞ்சின் உறங்கும் எஞ்சினைத் தட்டியெழுப்பித் தன் நடைக்கு அழைத்துக்கொள்ளும். இரண்டும் சமவேகம் அடைந்தன என்று தேர்ந்த பின்னரே, பற்களுள்ள வன்பிணைப்பினால் இரண்டையும் பூட்டுவர். பூட்டியபின் இரண்டும் ஓரெஞ்சினே. ஒன்று முந்துதலும் பிந்துதலும் இல்லை.

இம்முறையில் ஓர் அரிய பாடம் உளது. பிணைப்பு ஒப்பை உண்டாக்குவதில்லை. முன்னரே உண்டான ஒப்பை நிலைநிறுத்துகின்றது, அவ்வளவே. ஒப்பின்றிப் பிணைத்தல் உடைவுக்கே காரணமாம். இஃது இரும்புக்கு மட்டுமோ உண்மை?

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள், பல்லாயிரம் மக்கள் கரையில் நின்று காண, ஸீகிரேவ் அவ்வண்டியைச் செலுத்தினார். உலகச் சாதனை ஒன்று நிலைபெற வேண்டுமாயின் ஒரு திசையில் மட்டும் ஓடுதல் போதாது. எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டன் சராசரி காணல் வேண்டும். காற்றின் உதவியும் தரையின் சரிவும் அதனாற் கழிக்கப்படும். அங்ஙனம் கண்ட சராசரி மணிக்கு 203.79 மைல். 200 மைல் வேகத்தைத் தரையிற் கடந்த முதல் மனிதர் என்னும் பெயர் ஸீகிரேவுக்கு உரியதாயிற்று.

பொன்னம்பும் ஒரு துயர நாளும்

அவ்வெல்லையும் நெடுநாள் நிற்கவில்லை. 1928-இல் காம்ப்பெல் அதனைக் கடந்தார். அவரை அமெரிக்கரான ரே கீச் 207.55 மைல் வேகத்தாற் கடந்தார். கீச் செலுத்திய டிரிப்ளெக்ஸ் என்னும் வண்டியில் இரண்டல்ல, மூன்று விமான எஞ்சின்கள் இருந்தன. வன்மையை மேன்மேலும் அடுக்குவதே அவ்வண்டியை ஆக்கினோர் கருத்து.

ஸீகிரேவ் இம்முறை வேறு வழி சென்றார். காப்டன் இர்விங் என்பார் வகுத்த பொன்னம்பு என்னும் வண்டியில் நேப்பியர் லயன் எஞ்சின் ஒன்றே இருந்தது. எஞ்சினைப் பெருக்குவதை விடுத்து, காற்றின் தடையைக் குறைக்குமாறு வண்டியின் வடிவைக் கூர்மையாக்கினர். 1929-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் அதே டேட்டோனாக் கரையில் பொன்னம்பு மணிக்கு 231.45 மைல் வேகத்திற் பாய்ந்தது. மூன்று எஞ்சின்களின் முரட்டு வலிமையை ஓரெஞ்சினின் செவ்விய அமைப்பு வென்றது.

இரண்டு நாட் கழித்து, மார்ச்சு 13-ஆம் நாள், இழந்த புகழை மீட்கும் பொருட்டு டிரிப்ளெக்ஸ் வண்டி மீண்டும் ஓட்டப்பட்டது. இம்முறை அதனைச் செலுத்தியவர் லீ பைபிள் என்பார். இத்தகைய ஓட்டத்தில் அவருக்குப் பழக்கம் இல்லை. வண்டி நிலைதவறிப் புரண்டது. அவரும், படமெடுக்க அங்கு நின்றிருந்த ஒருவரும் மாண்டனர். ஸீகிரேவ் அதனைக் கண்ணாற் கண்டார். அதன்பின் தரைவேகச் சாதனையை அவர் நாடவில்லை. நாடு திரும்பியதும் அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பெற்றது.

நீரின் அழைப்பு

தரையை விட்ட அவர் உள்ளம் நீரை நாடியது. அந்நாளில் நீரின் மன்னராய் விளங்கியவர் அமெரிக்கரான கார் வுட் என்பார். அவர் 1920 முதற் செலுத்திவந்த மிஸ் அமெரிக்கா என்னும் பெயர்கொண்ட படகுகளுட் பல இரட்டை எஞ்சின் உடையன. பொன்னம்பின் வெற்றிக்குப் பின் அதே மார்ச்சுத் திங்களில், மயாமி நகரில் ஸீகிரேவ் தம் மிஸ் இங்கிலாந்து என்னும் ஓரெஞ்சின் படகோடு கார் வுட்டை எதிர்த்தார். வுட்டின் படகிற் சுக்கான் பழுதுற்றமையால் வெற்றி ஸீகிரேவை அடைந்தது. ஆயினும் வேகத்தின் முடி வுட்டின் தலையிலேயே இருந்தது. அவ்வாண்டில் அவர் மணிக்கு 93.12 மைல் வேகம் எட்டியிருந்தார். அதனைப் பறிக்க ஓரெஞ்சின் போதாது என்பதை ஸீகிரேவ் உணர்ந்தார்.

இரட்டை எஞ்சின் படகில் எஞ்சின்களின் வேகத்தை ஒப்பச் செய்தல் எத்துணை நுட்பமான செயல் என்பதை இங்கு விளக்குவோம். பெரும்பாலான இரட்டைப் படகுகளில் ஒவ்வோர் எஞ்சினும் தனக்கெனத் தனித்தண்டும், நீரைத் தள்ளும் தனி விசிறியும் உடையது. இரண்டு விசிறிகளும் படகின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இருப்பன. வலப்புற எஞ்சின் விரைந்து இடப்புற எஞ்சின் தளர்ந்தால் படகின் மூக்கு இடப்புறம் திரும்பும். அதனைத் தடுக்கச் சுக்கானை எந்நேரமும் எதிர்ப்புறம் பிடித்திருக்க வேண்டும். அங்ஙனம் பிடித்த சுக்கான் நீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். விரைந்த எஞ்சின் தன் பங்குக்கு மேற் சுமக்கும், எரிபொருள் வீணாகும், தேய்வு மிகும்.

இரண்டு கைப்பிடிகளையும் ஒரே அளவு தள்ளிவிட்டால் வேகம் ஒத்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் பிறந்த எஞ்சின்களும் முழுதும் ஒத்தனவல்ல. ஒன்றன் விசிறி சிறிது வளைந்திருக்கும். ஒன்றில் பாசி சிக்கியிருக்கும். ஒன்றன் பெட்ரோற் கலவை சற்று மெலிந்திருக்கும். ஆகவே கைப்பிடியின் நிலையை நம்பாது, சுழற்சியைக் காட்டும் கருவியை நோக்கல் வேண்டும். கருவிகள் இரண்டும் தம்முள் சிறிது மாறுபடுதலும் உண்டு. முடிவில் தீர்ப்புக் கூறுவது செவியே.

அஃது எங்ஙனமெனின், யாழின் இரு நரம்புகளைச் சுருதி கூட்டுங்கால் அவை முற்றும் ஒவ்வாதபோது ஒலி எழுந்தும் தாழ்ந்தும் அலைபோல் அசைவதைக் கேட்டிருப்போம். எஞ்சின்களிலும் அதுவே நிகழும். ஒரு தண்டு நிமிஷத்திற்கு 2000 சுற்றும், மற்றது 2030 சுற்றும் சுழலுமாயின், வேறுபாடு 30. படகின் அதிர்ச்சி நிமிஷத்திற்கு 30 முறை, அஃதாவது இரண்டு வினாடிக்கு ஒருமுறை, எழுந்து அடங்கும். தேர்ந்த மாலுமி ஓர் எஞ்சினைத் தலைமையாகக் கொண்டு அதனைத் தொடாது விட்டு, மற்றதன் கைப்பிடியை மயிரளவு மயிரளவாக அசைப்பான். இரண்டையும் ஒருங்கே அசைத்தால் எதனோடு எதை ஒப்பிடுவது? அலை நெடிதாகுமாயின் ஒப்பு நெருங்குகின்றதென்றும், குறுகுமாயின் விலகுகின்றதென்றும் அறிவான். அலை முற்றும் அடங்கி ஒரே முழக்கமாக நின்றவிடத்துக் கையை எடுத்துவிடுவான். இந்நாளில் மின்னணுக் கருவிகள் இவ்வேலையைத் தாமே செய்கின்றன. எனினும் அவை செய்வதும் இதுவே. ஒன்றைத் தலைமையாகக் கொண்டு மற்றதை அதனோடு ஒப்பிட்டு இடைவிடாது திருத்துகின்றன.

ஸீகிரேவ் இந்நூற்பொருளை வானத்திலும் ஆராய்ந்தார். அவர் தாமே வகுத்த மீட்டியர் என்னும் நால்வர் அமரும் விமானம் இரட்டை எஞ்சின் உடையது. வைட் தீவின் கௌஸ் நகரில் ஸாண்டர்ஸ் ரோ தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு, 1930-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் அது முதன்முதற் பறந்தது. அதே தொழிற்சாலையில் அவருடைய இரண்டாம் படகும் உருவாகிக்கொண்டிருந்தது.

மிஸ் இங்கிலாந்து இரண்டு

அப்படகின் பெயர் மிஸ் இங்கிலாந்து இரண்டு என்பது. வேக்பீல்டு பிரபு பொருளுதவி புரிந்தார். பிரெட் கூப்பர் என்பார் வடிவை வகுத்தார். விமானப் பந்தயத்துக்கென ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய ஆர் என்னும் எஞ்சின்கள் இரண்டு அதில் அமைந்தன. 12 ஸிலிண்டர்களும் ஏறக்குறைய 37 லிட்டர் கொள்ளளவும் உடைய அவ்வெஞ்சின்கள் இரண்டும் கூடி 3500 குதிரைத் திறனுக்கு மேல் ஈந்தன. சில ஆண்டுகளுக்கு முன் டேட்டோனாவில் உலகை வியப்பித்த இரட்டை எஞ்சின்களின் ஆற்றல் இதனிற் கால்பங்கே என்பதைக் கருதின், அந்நாளில் எஞ்சின் நூல் எத்துணை விரைந்து வளர்ந்ததென்பது விளங்கும்.

இப்படகில் இரண்டு விசிறிகள் இல்லை, ஒரே விசிறிதான். இரு எஞ்சின்களின் ஆற்றலும் பற்சக்கரப் பெட்டி ஒன்றிற் கலந்து, ஒரே தண்டைச் சுழற்றின. ஆதலின் எஞ்சின்களின் வேகம் ஒவ்வாமைக்கு இடமே இல்லை. படகு ஒருபுறம் இழுபடுதலும் இல்லை. ஆனால் இடர் ஒழிந்ததோ எனின், ஒழியவில்லை, வேறுருக் கொண்டது. வேகம் ஒத்திருந்தாலும் உழைப்பு ஒத்திருக்கும் என்னும் உறுதி இல்லை. ஓர் எஞ்சின் தளர்ந்தால் மற்றது விசிறியையும் சுழற்றி, தளர்ந்ததையும் சுமந்து செல்லும். பற்சக்கரங்கள் அதன் துன்பத்தைத் தாங்கும். வேகங்காட்டும் கருவியோ ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். ஒரே நுகத்தில் நடக்கும் இரு காளைகளுள் ஒன்று இழுப்பதுபோற் பாவனை செய்யினும் வண்டிக்காரன் கயிற்றின் தளர்ச்சியால் அதனை அறிவான் அன்றோ? அங்ஙனம் எஞ்சின்களின் உண்மை நிலையை அறிய, உடன் அமர்ந்து காக்கும் வல்லுநர் வேண்டும். அதனால் ஸீகிரேவுடன் இருவர் படகில் ஏறினர். ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளரான விக்டர் ஹாலிவெல். மற்றவர் ஸீகிரேவின் பழைய துணைவரான வில்காக்ஸ். சுக்கான் பிடித்தவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. எஞ்சினைக் காத்தவர் பெயர்களைச் சிலரே அறிவர். ஆயினும் மூவரும் எதிர்நோக்கிய இடர் ஒன்றே.

1930-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியாகிய விண்டர்மியரில் படகு இறங்கிற்று. முதல் ஓட்டத்தில் மணிக்கு 96.41 மைலும், எதிர் ஓட்டத்தில் 101.11 மைலும் பதிவாயின. சராசரி 98.76 மைல். கார் வுட்டின் சாதனை வீழ்ந்தது. அவ்வளவில் நின்றிருக்கலாம். எனினும் 100 மைல் என்னும் சராசரிக்கு இன்னும் ஒன்றேகால் மைலே குறைவாயிருந்தது. ஸீகிரேவ் மூன்றாம் ஓட்டம் ஓடினார். பெருவேகத்திற் சென்ற படகு திடீரெனத் தடுமாறிக் கவிழ்ந்து நீரில் ஆழ்ந்தது. மிதந்துகொண்டிருந்த மரக்கட்டை ஒன்றில் அதன் அடி மோதியிருக்க வேண்டும் என்பதே பலர் கருத்து.

ஹாலிவெல் நீரில் மாண்டார். வில்காக்ஸ் கை முறிந்து பிழைத்தார். ஸீகிரேவை ஏரிக்கரையிலிருந்த பெல் கிரேஞ்ச் என்னும் மனைக்கு எடுத்துச் சென்றனர். உள்ளுறுப்புக்கள் சிதைந்திருந்தன. நினைவு மீண்ட சிறுபொழுதில் உடன்சென்றவர்களின் நிலையை அவர் வினவினார் என்பர். சாதனை கைகூடிற்று என்னும் செய்தி அவருக்கு அறிவிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. நீரிலும் நிலத்திலும் அன்று உலகச் சாதனை அவர் ஒருவருடையதாகவே இருந்தது.

அவருக்குப் பின்

ஏரியினின்று எடுக்கப்பெற்ற அப்படகு செப்பனிடப்பட்டது. கே டான் என்னும் வீரர் 1931-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கார்டா ஏரியில் அதனையே செலுத்தி மணிக்கு 110.22 மைல் வேகம் கண்டார். ஸீகிரேவ் இணைத்த இரட்டை எஞ்சின்களும் அவற்றின் ஒற்றை விசிறியும் குற்றமற்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவரைக் கொன்றது எஞ்சின்களின் முரண்பாடன்று. நீரின்மேற் கிடந்த, எவரும் நோக்காத ஒரு பொருள். மனிதன் தன் கருவியைத் திருத்தலாம். தன் முன் விரியும் நீர்ப்பரப்பு முழுவதையும் திருத்த வல்லனோ?

ஸீகிரேவின் மனைவியார் கணவர் நினைவாக 1930-ஆம் ஆண்டிலேயே ஒரு பரிசுக்கிண்ணம் நிறுவினார். நிலத்திலோ நீரிலோ வானிலோ போக்குவரத்தின் எல்லையை விரிக்கும் பிரிட்டிஷ் மக்களுக்கு அது வழங்கப்படுகின்றது. முதலிற் பெற்றவர் கடலும் கண்டமும் கடந்து பறந்த கிங்ஸ்போர்டு ஸ்மித். 1932-இல் பெற்றவர் ஏமி ஜான்ஸன் என்னும் விமான வீராங்கனை. டேட்டோனாவில் ஓடிய இரட்டை எஞ்சின் ஸன்பீமும் பொன்னம்பும் இங்கிலாந்தில் பியூலி என்னுமிடத்து மோட்டார்ப் பொருட்காட்சிச் சாலையிற் பேணப்படுகின்றன. விண்டர்மியர் ஏரியிலோ 2005-ஆம் ஆண்டு முதற்கொண்டு மணிக்குப் பத்துக் கடல்மைலே படகுகளுக்கு வேக எல்லையாக விதிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

ஸீகிரேவின் வாழ்வு வீண் வாழ்வோ? வேகத்துக்காக உயிர் துறத்தல் அறிவுடைமையோ? இவ்வினாவை நேயர் எழுப்புதல் முறையே. கட்டளையின்றித் தம்மைத் தாமே இடருக்கு ஒப்புவித்த ஒருவரோடு, பணியின் பொருட்டு உடன்சென்று மாண்ட ஹாலிவெல்லையும் எண்ணுங்கால் நம் உள்ளம் கலங்குகின்றது. மூன்றாம் ஓட்டம் வேண்டுவதன்று என்றே நாம் கருதுகின்றோம். பெற்ற வெற்றி இருக்க, எண்ணின் அழகை நாடிச் சென்றது அவ்வோட்டம். ஆயினும் தம் சாதனையைக் கேட்டறியுமுன் தம் தோழரின் நிலையைக் கேட்ட உள்ளத்தைத் தூற்ற நமக்கு மனம் வரவில்லை. மேலும், அவரும் அவருடன் உழைத்தோரும் பந்தயத்தின் நெருக்கடியில் ஆராய்ந்த எஞ்சின் நுட்பங்கள் பிற்காலத்து விமானங்களுக்கும் கலங்களுக்கும் பயன்பட்டன என்பதையும் மறத்தலாகாது.

மனிதனுள்ளும் இரண்டு எஞ்சின்கள் உள. ஒன்று துணிவு, மற்றொன்று தெளிவு. துணிவு மட்டும் விரைந்தால் வாழ்க்கைப் படகு ஒருபுறம் திரும்பிக் கரையில் மோதும். தெளிவு மட்டும் சுழன்று துணிவு உறங்கினாலோ படகு நின்றவிடத்திலேயே வட்டமிடும். இரண்டையும் ஒத்த நடையில் செலுத்துவோனே அக்கரை காண்பான். அவ்வொப்பு ஒருமுறை கண்டுவிட்டால் என்றும் நிலைத்து நிற்பதுமன்று. காற்றும் அலையும் மாறுந்தோறும் செவிசாய்த்துக் கேட்டுத் திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். கல்லூரி வாழ்வில் நாம் பெறும் கல்வி அச்செவியைக் கூர்மையாக்குவதாக. கல்வி தரும் ஆற்றலையும் பக்தி தரும் அமைதியையும் ஒரே நுகத்திற் பூட்டி, உடன் வருவோர் நலத்தை என்றும் மறவாது, நம் பயணத்தைத் தொடரும் அருளை ஆண்டவர் நம் அனைவர்க்கும் ஈவாராக.